தம்பிக்கு 26 வயது, இனி என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்?

லால்குடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு 26 வயது. டவுன் சிண்ட்ரோம். 18 வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனான். அப்புறம் எட்டு வருடமாக வீட்டில்தான். டிவி, செல்போன், தூக்கம். பெயர் எழுதுவான், 20 வரை எண்ணுவான். பள்ளியில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. போன வருடத்திலிருந்து இன்னும் மந்தமாகிவிட்டான். பழைய அறிக்கையில் மனவயது 6 என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் 60 தாண்டிவிட்டது. இனிமேல் அவனால் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். 24 வருடம் சிறப்பாசிரியராக இருந்தேன். அதில் கடைசி 11 வருடம் 18 வயது தாண்டியவர்களோடு மட்டும்தான் வேலை. 31 வயதில் முதன்முதலாகத் தனியாக பஸ் ஏறியவரையும், 40-ஐ நெருங்கும்போது பெயர்ப்பலகை வாசிக்கத் தொடங்கியவரையும் கூட இருந்து பார்த்திருக்கிறேன். மெதுவாக வரும். சில விஷயங்கள் வராமலும் போகும். ஆனால் 18 வயதோடு கற்கும் வாசல் மூடிவிடும் என்பதற்கு மூளையில் எந்த ஆதாரமும் இல்லை. மூடுவது பள்ளியின் வாசல்தான்.

அது ஏன் 18-இல் மூடுகிறது என்றால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயது வரைதான் தருகிறது (பிரிவு 31). அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, வயது வந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவிலும் வாழ்நாள் கல்வி என்ற சொல் இருக்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் லால்குடியில் காலை ஒன்பது மணிக்கு உங்கள் தம்பி கிளம்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதனால் வீட்டில் செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன். வெளியே தேட வேண்டியதைக் கடைசியில்.

அதற்கும் முன்னால் அந்த "மனவயது 6" பற்றிப் பேசியாக வேண்டும். என் அனுபவத்தில் பெரியவர்களின் கற்றலுக்கு இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை எதுவும் இல்லை. ஒரு தேர்வில் அவர் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னார், சராசரியாக எந்த வயதுக் குழந்தை அத்தனை கேள்விக்குப் பதில் சொல்லும் என்று கணக்குப் போட்டு எழுதிய எண் அது. சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு மீசை மேல் ஆசை இருக்காது. 26 வருடத்தில் உங்கள் தம்பி எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எத்தனை தேர்தல் பார்த்திருப்பார்! அப்பா எந்த மனநிலையில் வீட்டுக்குள் வருகிறார் என்று செருப்புச் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். அந்த அனுபவத்தை எந்தத் தேர்வும் எண்ணவில்லை.

இந்த எண்ணை நம்பினால் என்ன நடக்கும்? 26 வயது ஆணின் கையில் ஆப்பிள் படம் போட்ட அட்டையும் வண்ணம் தீட்டும் புத்தகமும் வரும். நர்சரி பாட்டுக்குக் கைதட்டச் சொல்வார்கள். அவர் எழுந்து போய் டிவி போடுவார். "பார்த்தீர்களா, கற்றுக்கொள்ள ஆர்வமே இல்லை" என்பார்கள். எனக்கும் ஆர்வம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அக்கா, "அவன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் "அவர்" என்றுதான் எழுதுகிறேன், கவனித்திருப்பீர்கள். நம் மொழியில் ஒருவர் பெரியவர் ஆகிவிட்டார் என்பதைப் பல நேரம் வினைச்சொல்லின் விகுதியில்தான் காட்டுகிறோம். பத்தாம் வகுப்பு வரை "வாடா" என்ற மளிகைக்கடைக்காரர், வேலைக்குப் போனதும் "வாங்க தம்பி" என்கிறார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் அந்த நாள் வருவதே இல்லை. 45 வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், யாரும் கண்டிக்க மாட்டார்கள். எங்கள் மையத்தில் ஒருமுறை சமையல்காரர் முதல் வேன் ஓட்டுநர் வரை எல்லோரும் "வாங்க, போங்க" என்று மாற்றிக்கொண்டோம். ஒரே மாதத்தில் இரண்டு பேர் தானாகச் சட்டையை இன் செய்துகொண்டு வர ஆரம்பித்தார்கள். யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

சரி, தொடங்குவது எங்கே? ரத்தப் பரிசோதனையில். வேடிக்கையாகச் சொல்லவில்லை. போன வருடத்திலிருந்து மந்தமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவது மிகவும் சகஜம். காது கேட்பது குறைவதும், கண்புரை இளவயதிலேயே வருவதும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று தூங்குவதும் சகஜம். இரவில் சரியான தூக்கம் இல்லாதவர் பகலில் எதைக் கற்பார்? மனச்சோர்வும் வரலாம், அதை அவரால் வாயால் சொல்ல முடியாது, பேச்சைக் குறைப்பார், சாப்பாட்டைத் தள்ளுவார், செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவார். இதையெல்லாம் "அவனுக்கு அவ்வளவுதான்" என்று வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். சில மருத்துவர்களே அப்படிச் சொல்லி அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் ஆறு மாதத்தில் பின்னல் போடுவதை மறந்தார், காபி கலப்பதை மறந்தார். தைராய்டு மாத்திரை ஆரம்பித்து நான்கு மாதத்தில் இரண்டும் திரும்ப வந்தன. தைராய்டு, காது, கண், தூக்கம் நான்கையும் பார்த்துவிடுங்கள். காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்; இவர்களுக்குக் காதுக்குழாய் குறுகலாக இருக்கும். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரவில்லை என்றால் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதே என்று தள்ள மாட்டார்கள்.

உடம்பு சரி என்று தெரிந்த பிறகு, என்ன கற்றுக்கொடுப்பது என்பதை அவரிடம் கேளுங்கள். "என்ன கத்துக்கறே?" என்று கேட்டால் பதில் வராது. சமையல், கடை, சலூன், பஸ், போன் என்று ஐந்தாறு போட்டோ எடுத்து மேஜையில் பரப்புங்கள். இரண்டிரண்டாகக் காட்டுங்கள். இன்றைக்கும் நாளைக்கும் மறுநாளும் எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். ஒரு குடும்பத்தில் அப்பா மகனுக்கு ஆங்கிலக் கையெழுத்து வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மகன் தொட்டது சலூன் படத்தை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கையைப் பிடிக்காமல் சலூனுக்குப் போக வேண்டும், அதுதான் அவர் ஆசை. மூன்று மாதம் எடுத்தது. வரிசையில் காத்திருப்பது, பக்கத்தில் இருப்பவரின் பேப்பரைப் பிடுங்காமல் இருப்பது, "மீசை இருக்கட்டும்" என்று சொல்வது, பணம் கொடுத்து மீதி வாங்குவது, தெருவைக் கடப்பது எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. அப்பா கேட்ட கையெழுத்தும் பின்னாலேயே வந்தது, வங்கியில் போட வேண்டியிருந்ததால்.

கற்றுக்கொடுக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீடுகளில் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். டீ போடுவது என்றால் பாத்திரம் எடுப்பதிலிருந்து டம்ளரை அப்பா கையில் கொடுப்பது வரை பதினைந்து துண்டாவது வரும். முதல் துண்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நீங்களே டீ போட்டு, வடிகட்டி, டம்ளரில் ஊற்றிவிட்டு, கடைசித் துண்டை மட்டும் அவரிடம் விடுங்கள். கொண்டுபோய்க் கொடுப்பார். அப்பா "நல்லா இருக்குப்பா" என்பார். அடுத்த வாரம் ஊற்றுவதும் கொடுப்பதும் அவர் வேலை. அதற்கடுத்த வாரம் வடிகட்டுவதும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த திருப்தியோடு முடியும். முன்னாலிருந்து போனால் ஒவ்வொரு நாளும் பாதியில் அம்மா வாங்கிச் செய்து முடிப்பார்.

அடுப்பு பயமாக இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குங்கள். குக்கர் விசில் எண்ணுவது கஷ்டம் என்றால் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று ஸ்பூன் வையுங்கள். ஒரு விசிலுக்கு ஒரு ஸ்பூனை டப்பாவில் போட வேண்டும். மேஜையில் ஸ்பூன் இல்லையென்றால் அடுப்பை அணைக்க வேண்டும். எண்ணத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு அம்மா. பயிற்சிப் புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை.

அப்புறம், பேசாதீர்கள். நம் வீடுகளில் ஒருவர் சட்டை பட்டன் போட்டால் மூன்று பேர் வர்ணனை சொல்வார்கள்: "அதில்லடா, மேலே, மேலே, இந்தப் பக்கம்." டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதால் கேட்டதை மனதில் நிறுத்துவது கஷ்டம், கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். அதனால் செய்து காட்டுங்கள், படம் ஒட்டுங்கள், விரலால் சுட்டுங்கள். ஒன்றைச் சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். ஏழாவது எண்ணில் அவர் கை நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாம் மூன்றிலேயே குறுக்கே விழுந்துவிடுகிறோம். வாயால் கொடுக்கும் தூண்டுதலை நிறுத்துவது ரொம்பக் கடினம், பழகிவிட்டால் "அடுத்து என்ன?" என்று உங்கள் குரல் வந்தால்தான் கை நகரும்.

கற்றது மறந்துபோனது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பள்ளியில் கற்ற எதையும் வீட்டில் யாரும் அவரைச் செய்ய விடாவிட்டால் மறக்கத்தான் செய்யும். அதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. பள்ளிக் குழாயில் கை கழுவக் கற்றவருக்கு வீட்டுக் குழாய் வேறு குழாய். ஓர் இடத்தில் வருவது இன்னோர் இடத்தில் தானாக வராது. எனவே எங்கே தேவையோ அங்கேயே கற்றுக்கொடுங்கள்.

பணத்துக்கு வருவோம். 20 வரை எண்ணுகிறார், அது போதும். கூட்டல் கழித்தலுக்குள் போகாதீர்கள். விலையைத் தாண்டிய அடுத்த நோட்டைக் கொடுக்க வேண்டும், மீதியை வாங்க வேண்டும், அவ்வளவுதான். டீ 15 ரூபாய் என்றால் 20 ரூபாய் நோட்டு. ஓர் அட்டையில் 10, 20, 50, 100 நோட்டுகளின் படத்தை வரிசையாக ஒட்டிப் பர்சில் வையுங்கள். நிறத்தை மட்டும் நம்பிக் கற்றுக்கொடுக்காதீர்கள், அதில் நானே ஏமாந்திருக்கிறேன். புது 100 இளம் ஊதா, பழைய 50-உம் ஊதாதான். புது 20-உம் 200-உம் மஞ்சள் குடும்பம், அவசரத்தில் நமக்கே குழம்பும். எண்ணையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குங்கள். நம் ஊர்க் கடைகளில் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பார்கள் என்பதையும் ஒரு பாடமாகவே சொல்லிவையுங்கள். செல்லும் பணத்தைக் கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னால் இவர் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழுதுவிடுவார்.

தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய், அவருக்கு வருகிறதா? வந்தால் அது அவர் பணம். பெரும்பாலான வீடுகளில் அது குடும்பச் செலவில் கரைந்துவிடும், குடும்பத்தின் நிலைமையும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாதம் 300 ரூபாயாவது அவர் கையில் கொடுங்கள். இரண்டாம் தேதியே முழுவதையும் பானிபூரியில் விட்டால் விடட்டும். மீதி 28 நாள் பணம் இல்லாமல் இருப்பதைப் போல எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்காது. செல்போனில் பணம் அனுப்புவதை மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கண்ணுக்குத் தெரியாத பணத்தை அவர் புரிந்துகொள்வதற்குள் யாராவது ஓடிபி கேட்டுவிடுவார்கள்.

வாசிப்பு. தமிழுக்கு 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அ, ஆ-விலிருந்து போகலாம், வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது. 26 வயதுக்காரர் மூன்றாவது முறையாக அ, ஆ-வில் உட்கார்ந்தால் அங்கேயே நின்றுவிடுவார். முழுச் சொல்லாகக் கொடுங்கள். அவர் பெயர், உங்கள் பெயர், லால்குடி, திருச்சி, ஆண்கள், பால், டீ, பரோட்டா. சொல்லைப் படம் போல அடையாளம் காண்பார். முப்பது நாற்பது சொல் சேர்ந்த பிறகு, "பால்" இல் வரும் பா-வும் "பாட்டு" இல் வரும் பா-வும் ஒன்றுதான் என்று அவரே ஒருநாள் விரல் வைப்பார். அப்போது எழுத்தைத் தொடலாம்.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு, எழுதும் தமிழும் பேசும் தமிழும் வேறு. "வரான்" என்று பேசுகிறவர் "வருகிறான்" என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தாலும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று தெரியாது. அதனால் நான் ஆரம்பத்தில் பேச்சுத் தமிழிலேயே எழுதிக் கொடுப்பேன்: "அம்மா கடைக்கு போறாங்க." தமிழாசிரியர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். வரட்டும். வாசித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு அது போதும். இதில் ஒரு பலனும் உண்டு: வாசிக்க ஆரம்பித்தவர்களுக்குப் பேச்சும் தெளிவாகிறது, வாக்கியம் நீள்கிறது. பேச்சு மிகவும் புரியாமல் இருந்தால், படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் என்ற செயலி இருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது. பேசாதவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம், பேசியது புரியாமல் தினமும் தோற்கிறவருக்கும் அது உதவும்.

பஸ்ஸில் தனியாக அனுப்பவே மாட்டோம் என்று உங்கள் அம்மா சொல்வார். எல்லா அம்மாவும் சொல்வார்கள். லால்குடியிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் ஒரே பஸ், மாறி ஏற வேண்டியதில்லை, ஆரம்பிக்க நல்ல வழி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது, அடையாள அட்டை மட்டும் இருக்க வேண்டும். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். அப்புறம் இரண்டு சீட் பின்னால். அப்புறம் கடைசி சீட்டில் தெரியாதவர் போல. அதற்கப்புறம் நீங்கள் ஏற்றிவிட, அப்பா சத்திரத்தில் நின்று இறக்கிக்கொள்ளட்டும். கடைசியாக, தொலைந்துபோகப் பழக்குங்கள். வேண்டுமென்றே தெரியாத நிறுத்தத்தில் இறக்கிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே நிற்பது, பெயரும் வீட்டு போன் எண்ணும் எழுதிச் சட்டைப்பையில் வைத்த அட்டையை நடத்துநரிடமோ கடைக்காரரிடமோ காட்டுவது, இரண்டையும் நான்கைந்து முறை செய்த பிறகுதான் தனியாக அனுப்ப வேண்டும். வலிப்பு வருகிறவர் என்றால் கணக்கு வேறு, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தப்பு நடக்கலாம், நடக்கவும் செய்யும். ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972-இல் இதைப் பற்றி எழுதும்போது, ஆபத்தைச் சந்திப்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது, அதைப் பறிக்கும் அன்பு மனிதரைச் சிறுக்கவைக்கிறது என்ற பொருளில் சொன்னார். நமக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம், பக்கத்துப் புதுக்கோட்டை போதும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்க வந்த பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளை இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். பெண் சைக்கிள் ஓட்டுவதா, விழுந்தால் என்ன ஆவது என்று அன்றும் கேட்டார்கள். விழுந்தார்கள், எழுந்து ஓட்டினார்கள். தன் காலில் எங்காவது போக முடிகிறது என்றால் பெரியவர்கள் எதையும் கற்பார்கள்.

உடம்பு, பாதுகாப்பு பற்றியும் கற்றுக்கொடுக்க வேண்டும், வீட்டில் யாரும் தொட விரும்பாத பாடம் இது. சொன்னதைக் கேட்டு நடப்பதையே நல்ல குணம் என்று சிறுவயதிலிருந்து பழக்கியிருப்போம். எல்லோருக்கும் தலையாட்டுகிறவரை யாரும் எதுவும் செய்யலாம். "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள், சொன்னால் மதியுங்கள். இரண்டாவது இட்லி வேண்டாம் என்றால் வைக்காதீர்கள். அங்கேயிருந்துதான் அந்தப் பாடம் ஆரம்பிக்கிறது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக் குளிக்கட்டும். அப்பாவோ மாமாவோ ஆண் என்ற முறையில் அவரோடு நேராகப் பேசட்டும். அவருக்கும் ஆசைகள் இருக்கும், தனி அறை எது, பொது இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே என்ன இருக்கிறது? மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை, பக்கத்தில் உள்ள பகல்நேர மையங்களின் பட்டியல் எல்லாம் அங்கே கேட்க வேண்டியவை. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்கள் திறந்துவருகிறார்கள், உங்கள் பக்கத்தில் எது என்றும் கேளுங்கள். முழு மதிப்பீடு வேண்டுமானால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, 2005 முதல் இயங்குகிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. லால்குடியிலிருந்து தூரம்தான், ஆனால் ஒருமுறை போய்ப் பாருங்கள். எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அளவுகோல் கிடைக்கும்.

தொழிற்பயிற்சி மையம் என்றால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். எங்கே போனாலும் மெழுகுவத்தி, பினாயில், காகித உறை. யாருக்கு எது பிடிக்கும், எது விற்கும் என்று யோசிக்காமல் முப்பது வருடமாக இதே மூன்று. பத்து வருடம் ஒரே காகிதத்தை மடித்தவருக்கு அது பயிற்சியா, நேரம் போக்கலா? சேர்க்கும் முன் கேளுங்கள்: போன வருடம் இங்கிருந்து வெளியே வேலைக்குப் போனவர் எத்தனை பேர்? என் தம்பிக்கு என்று தனியாக எழுதிய திட்டம் இருக்குமா, அதை எழுதும்போது அவரும் உட்காருவாரா? விற்ற பணத்தில் அவருக்கு என்ன பங்கு? பதில் சொல்லத் திணறினால் பரவாயில்லை, கோபப்பட்டால் வெளியே வந்துவிடுங்கள். பல நேரம் தெரிந்தவர் பேக்கரியிலோ நர்சரித் தோட்டத்திலோ தினம் இரண்டு மணி நேரம் நிற்பது இதைவிட நல்ல பள்ளிக்கூடம். சம்பளம் குறைவாக இருந்தாலும் அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சான்றிதழ் படிப்பு வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மேல் வயது வரம்பு இல்லை. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்கு இணையான அடிப்படைக் கல்வியும் உண்டு. பத்தாம் வகுப்பை ஐந்து வருடத்தில், ஒன்பது வாய்ப்புகளில், ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம். எழுத உதவியாளரும் கூடுதல் நேரமும் கிடைக்கும். லேசான குறைபாடு உள்ளவர்களுக்கும், பார்வை, செவித்திறன் குறைபாட்டால் பள்ளியை விட்டவர்களுக்கும் இது பெரிய வாசல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு இப்போது அது தேவையில்லை. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் நேராகக் கேட்காமல் அப்பா அம்மாவின் வயதைச் சொல்லிக் கேட்ட கேள்வி. எங்களுக்கு அப்புறம் யார் என்று இரவில் அவர்கள் படுக்கையில் பேசுவது அவருக்கும் கேட்டிருக்கும். 18 வயதோடு பெற்றோரின் காப்பாளர் உரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் காப்பாளர் சான்று வாங்கலாம். டவுன் சிண்ட்ரோமும் அறிவுசார் குறைபாட்டில் அதற்குள் வரும். சொத்து, ஓய்வூதிய விஷயங்களுக்கு அது வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தை வாங்கியதும் அவர் கையெழுத்துப் போடுவதையும் கருத்துச் சொல்வதையும் நிறுத்திவிடாதீர்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. அம்மா இல்லாத வீட்டில் தூங்கி எழக் கற்பது. அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று முதல்முறையாக வேறு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே வாரத்தில் பேச்சே நின்றுபோனவர்கள் உண்டு. நீங்கள் வேறு வீட்டில் இருப்பதாக இருந்தால் இந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அவரை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவருடைய தலையணை, அவருடைய மாத்திரை டப்பா, காலையில் என்னென்ன நடக்கும் என்று நான்கு படம். முதல் தடவை இரவு இரண்டு மணிக்கு எழுந்து செருப்பைத் தேடுவார். அழைத்துப் போய் விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் திரும்பக் கூப்பிடுங்கள். உங்கள் அடுப்பில் டீ போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அது வேறு அடுப்பு, ஆரம்பத்தில் தெரியாது. கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள்.